பொம்மைனு போட்டுட்டீங்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல ரோம் சிற்பங்கள் பத்தி வந்த கட்டுரைய நேத்து ராத்திரிதான் படிச்சு முடிச்சேன். கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்ல வரல, ஆனா கடைசி பக்கத்துல ஒரு மூலையில தீப்பெட்டி சைஸுக்கு ஒரு போட்டோ போட்டு அடியில "பெயர் தெரியாத ஒருவர் செய்த சுடுமண் பொம்மை, 17ஆம் நூற்றாண்டு"னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க பாருங்க, அங்க எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு. பளிங்கு சிலைக்கு முழு பக்கம், மண்ணுக்கு ஒரு வரியா?

நான் இருக்கறது பாஸ்டன் பக்கம். இங்க ஹார்வர்ட் மியூசியத்துல, 17ஆம் நூற்றாண்டுல ரோம்ல பெரிய சிற்பியா இருந்த பெர்னினி கையால செஞ்ச களிமண் மாடல் 15 இருக்கு, 1937ல வாங்குனது, உலகத்துலயே அவரோட மண் வேலை ஒரே இடத்துல இவ்ளோ இருக்கறது அங்கதான். இப்ப டிக்கெட்டும் கிடையாதுங்கறதால ஊர்ல இருந்து யார் வந்தாலும் முதல்ல அங்கதான் இழுத்துட்டு போவேன், வந்தவங்க பாவம். பெரும்பாலும் தேவதைங்கதான், ஒரு அடி உயரம் இருக்கும், மண்டி போட்டது சிலது, நிக்கறது சிலது. கிட்ட போய் பாத்தா துணி மடிப்புல கட்டைவிரலை வெச்சு ஒரே இழுப்பா இழுத்திருக்கறது அப்படியே தெரியும். 350 வருஷத்துக்கு முன்னாடி அழுத்துன விரல் சார் அது! மாடல்கள்ல பதிஞ்சிருக்கற கைரேகைய எல்லாம் படம் எடுத்து ஒன்னோட ஒன்னு ஒப்பிட்டு கூட பாத்திருக்காங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்த மாதிரி மண் உருவத்த அந்த காலத்துல யாரும் விளையாடவோ அலமாரியில வைக்கவோ செய்யல, பட்டறையில அது வேலைக்கான சாமான். மனசுல தோணுனத அவசரமா பிடிச்சு பாக்கறதுக்கு ஒன்னு, அதுக்கு போட்செட்டோனு பேரு. காசு குடுக்கற கார்டினல்கிட்டயோ போப்கிட்டயோ காட்டி சரினு வாங்கறதுக்கு நல்லா தேச்சு முடிச்சது ஒன்னு, அது மொடெல்லோ. அப்புறம் பெரிய சிலை முடிஞ்ச பிறகு அதப் பாத்து சின்னதா பண்ணிக்கறதும் உண்டு. கடையில விக்கற சரக்கு இல்லைங்கறதால பெரும்பாலும் எவனும் கையெழுத்து போடல. நம்ம வீட்டுல மளிகை லிஸ்டுக்கு கீழ கையெழுத்தா போடறோம்?

அப்படியே பட்டறையிலயே கிடக்கும், ஆள் போனா அடுத்தவன் கைக்கு போயிரும். மெல்கியோரே காஃபானு மால்டாவுல பொறந்த ஒரு சிற்பி, முப்பது வயசு சொச்சம்தான், 1667ல வேலை செய்யற இடத்துல மேல ஏதோ விழுந்து அந்த அடியிலயே செத்துட்டாரு. அவருக்கு கத்துக்குடுத்தவரு எர்கோலே ஃபெர்ராட்டா. இந்த ஃபெர்ராட்டா 1686ல செத்தப்போ பட்டறையில இருந்த சாமானெல்லாம் கணக்கெடுத்தா அதுல களிமண் மாடல் எக்கச்சக்கம், காஃபாவோடதும் அதுக்குள்ளயே கலந்து கிடந்துச்சு. இதுல எது குரு பண்ணது, எது சிஷ்யன் பண்ணது, எது சிஷ்யனோட சிஷ்யன் காப்பி அடிச்சுப் பழகுனதுனு எப்படி பிரிப்பீங்க, அதுக்கப்புறம் வாங்குனவங்க வேற வெண்கலம் மாதிரி தெரியட்டும்னு பெயிண்ட் அடிச்சு வெச்சா அந்த விரல் தடம் கூட மூடிப் போயிரும்.

அதனாலதான் மியூசியம்ல லேபிள் எழுதறவங்க ஒவ்வொரு வார்த்தையையும் அளந்து போடுவாங்க, இன்னார் செஞ்சதா கருதப்படுதுனு ஒரு ரகம், இன்னார் பட்டறைனு ஒன்னு, இன்னார் வட்டம், அதாவது அவரோட பழகுனவங்க யாரோனு ஒன்னு, அவர பின்பற்றுனவர்னு ஒன்னு, எதுவுமே ஒட்டலேன்னா "ரோம், 17ஆம் நூற்றாண்டு"னு ஊரும் காலமும் மட்டும். இந்த வித்தியாசத்த எல்லாம் நீங்க 'பெயர் தெரியாத ஒருவர்'ல போட்டு கரைச்சிட்டீங்க. லேபிள்ல என்ன இருந்துச்சோ அத அப்படியே தமிழ்ல போட்டிருக்கலாம்.

இன்னொன்னு, உங்க கட்டுரையிலயே ரோம்ல இருக்கற சான்ட் ஆஞ்செலோ பாலத்து தேவதைங்க பத்தி உருகி உருகி எழுதியிருக்காங்க. 1667ல போப் ஒன்பதாம் கிளமென்ட் சொல்லி பெர்னினி எடுத்த வேலை அது, மொத்தம் 10 தேவதை. அதுல அவர் தன் பொறுப்புல செதுக்குனது ரெண்டே ரெண்டுதான், மீதி எட்டும் ஃபெர்ராட்டா, ராஜ்ஜி மாதிரி மத்தவங்க உளி. அந்த ரெண்டும் ரொம்ப அருமையா வந்துடுச்சு, மழையிலயும் வெயில்லயும் நிக்க வேண்டாம்னு பாலத்துல ஏத்தாம விட்டுட்டாங்க, இப்ப அது ஒரு சர்ச்சுக்குள்ள இருக்கு, பாலத்துல நிக்கறது அதோட மாத்து. அப்போ யோசிங்க, அந்த பளிங்குல அவர் கை எங்க இருக்கு, மண்ணுல எங்க இருக்கு?

விஞ்ஞானத்த வெச்சு கண்டுபிடிக்கலாமேனு என் வீட்டுக்காரர் கேக்கறார். சுட்ட மண்ண கடைசியா எப்ப சுட்டாங்கனு ஓரளவுக்கு சொல்ற டெஸ்ட் இருக்கு, மண்ணுல உள்ள தாதுக்கள் சூளையில இருந்து இறங்குன நாள்ல இருந்து கதிர்வீச்ச கொஞ்சம் கொஞ்சமா சேத்து வெச்சிருக்கும், சூடு பண்ணா அது வெளிச்சமா வெளிய வரும், அத அளப்பாங்க. 19ஆம் நூற்றாண்டு டூப்ளிகேட்ட பிடிக்க அது உதவும். சுட்டது யாருனு அது சொல்லாதே! பழைய எக்ஸ்ரே எடுத்திருந்தா அந்த கணக்கும் கொஞ்சம் குழம்பும்.

பேர் இல்லாத சிற்பத்துக்கு சாட்சி சொல்றது அதோட முதுகுதான் சார். நான் போன வருஷம் மண்பாண்ட கிளாஸ் போய் ஒரு யானை பண்ணேன், உள்ள குடையணும்னு டீச்சர் சொன்னத காதுல வாங்கல, சூளையில வெடிச்சு பக்கத்துல இருந்தவங்க கிண்ணத்தையும் சேத்து உடைச்சிடுச்சு. தடிமனா மண் இருந்தா உள்ள ஈரம் தங்கும், ஆவியாகி வெளிய வர வழி இல்லாம வெடிக்கும். அதனால அந்த காலத்துலயும் முன்பக்கம் முடிச்சிட்டு பின்னாடி இருந்து குடைஞ்சு எடுத்தாங்க. குடைஞ்ச விதம், பல்லு வெச்ச கருவியோட கீறல், பெருசாக்கறதுக்காக போட்ட அளவு கோடு, இதெல்லாம் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு பழக்கம், ஒரு சமையலுக்கு ஒரு கைப்பக்குவம் மாதிரி. முகத்த காப்பி அடிக்கறவன் முதுக காப்பி அடிக்க மாட்டான்.

நீங்க போட்டது முன்பக்க போட்டோ மட்டும், அதுவும் கீழ பீடத்த வெட்டிட்டீங்க. அடுத்த இதழ்ல பின்பக்க போட்டோ ஒன்னு கிடைச்சா போடுங்க, கால் பக்கம் குடுத்தா போதும். அப்படியே பொம்மைங்கறத சிற்பம்னு திருத்தி ஒரு வரி.

அன்புடன்,
ஒரு பழைய சந்தாதாரர், பாஸ்டன்

பி.கு: உயரம் எவ்ளோனு போடல. ஒரு சாண்தான் இருக்கும்னு நான் சொல்றேன், ஆள் உயரம்னு வீட்டுக்காரர் சொல்றார், இன்னும் முடியல சண்டை.