அந்தப் பிரிட்ஜுக்குள் வெளிச்சமும் இல்லையே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு ஓய்வு நேரத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன், பெரும்பாலும் தொடக்கநிலை ஐந்து, ஆறு. பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும் நேரத்தில் ஒரு சோதனைக் கேள்வியைக் காட்டி, இரண்டு தொட்டிச் செடிக்கும் ஏன் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்டால் யோசிக்காமலே பதில் வருகிறது: நியாயமான சோதனையாக இருப்பதற்காக. சரி, ஒன்றுக்குக் கூடுதலாக ஊற்றிவிட்டால் என்ன ஆகும்? 'சோதனை நியாயமாக இருக்காது.' அதற்கு மேல் நகராது.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. எதை மாற்றுகிறோம், எதை அளக்கிறோம், எவற்றையெல்லாம் மாறாமல் வைத்திருக்கிறோம் என்று மூன்றையும் அடையாளம் காண நாம்தான் பழக்கிவிட்டோம், அதை அவர்கள் ஒழுங்காகவே செய்கிறார்கள். மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆனால் முடிவுக்கு வேறு ஏதாவது காரணமாக இருக்கலாமோ என்கிற சந்தேகம் வருவதில்லை. அந்தச் சந்தேகம் வராத பிள்ளைக்கு 'மாறி' (சோதனையில் மாறக்கூடிய காரணி) என்றால் என்ன என்று எத்தனை முறை விளக்கினாலும் வீண் என்பேன்.

தேக்காவில் ஒரு பாக்கெட் பச்சைப்பயறு வாங்குங்கள். இரண்டு கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்து, ஒவ்வொன்றிலும் இருபது பயறு போட்டு, ஒன்றைச் சமையலறை ஜன்னலோரம் வையுங்கள், மற்றதைப் பிரிட்ஜில் வையுங்கள். சில நாளில் ஜன்னலோரம் முளைவிட்டிருக்கும், பிரிட்ஜில் இருப்பது அப்படியே கிடக்கும். விதை முளைக்க வெதுவெதுப்பு வேண்டும் என்று பிள்ளை எழுதும். எழுதியது உண்மைதான், ஆனால் இந்தச் சோதனையை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கதவைச் சாத்தினால் பிரிட்ஜுக்குள் விளக்கு அணைந்துவிடும். வெளிச்சம் இல்லாததால்தான் முளைக்கவில்லை என்று தங்கச்சி வாதாடினால் அண்ணனிடம் பதில் இருக்காது. அப்புறம் என்ன செய்வது? ஜன்னலோரக் கிண்ணத்தையும் அலமாரிக்குள் வைத்து மூட வேண்டும். இருட்டிலும் முளைக்கும் (வெளிறிப்போய் நெட்டையாக வளரும், அது வேறு பாடம்). இப்போது இரண்டும் இருட்டில் இருக்கின்றன, குளிர் மட்டும்தான் வித்தியாசம், தங்கச்சி வாயடைத்துப் போவாள். ஏன் இருபது பயறு, ஒன்று போதாதா என்று கேட்கிற பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்த ஒன்றே சொத்தையாக இருந்துவிட்டால்?

'கன்ட்ரோல் செட்அப்' என்பதும் இதே கதைதான், ஆனால் அதில்தான் குழப்பம் அதிகம். மாறாமல் வைத்திருக்கும் காரணிகளையும் இதையும் பிள்ளைகள் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு மண் எல்லாம் சோதனைக்குள்ளேயே நாம் கட்டிப்போடும் விஷயங்கள். கன்ட்ரோல் என்பது சோதிக்கும் காரணி மட்டும் இல்லாமல் பக்கத்தில் வைக்கும் இன்னோர் ஏற்பாடு. உயர்நிலைப் பள்ளியில், முளைக்கும் விதைகள் கரியமில வாயுவை வெளிவிடுகின்றன என்று காட்டச் சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்கிக் காட்டுவார்கள். பக்கத்தில் வேகவைத்த விதைகள் இன்னொரு குடுவையில் இருக்கும். வெறும் குடுவையை வைக்காமல் ஏன் வேகவைத்த விதை? உயிர் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதால். அதோடு நிற்காமல் வேகவைத்த விதைகளைக் கிருமிநாசினியில் வேறு கழுவுவார்கள், காரணம் செத்த விதையில் கிருமிகள் வளர்ந்தால் அவையும் மூச்சுவிட்டு சுண்ணாம்பு நீரைக் கலங்கடிக்கும். இதை முதன்முதலில் யோசித்தவர் எவ்வளவு சந்தேகப் பேர்வழியாக இருந்திருப்பார்!

இதெல்லாம் தேர்வுக்கு மட்டும்தானே என்பவர்களுக்கு: டெங்கிக் காய்ச்சல் வந்தவர் பப்பாளி இலைச்சாறு குடித்தார், இரத்தத் தட்டணுக்கள் ஏறின என்று வாட்ஸ்அப்பில் வராத குடும்பம் நம் ஊரில் உண்டா? டெங்கியில் தட்டணுக்கள் குறைந்து, குணமாகும் கட்டத்தில் பெரும்பாலானோருக்குத் தானாகவே ஏறும். சாறு குடிக்காதவருக்கும் ஏறும். குடிக்காத இன்னொருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல், ஏற்றியது சாறா இல்லையா என்று அந்தக் கதையிலிருந்து எப்படித் தெரியும்?

சிங்கப்பூரில் 2020-ல் 35,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. 2021-ல் அது ஏறக்குறைய 5,000-க்கு இறங்கியது. 2020 கடைசியில் வீட்டுக்கு வீடு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தால் வேப்பிலை பலித்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்போம். தேசிய சுற்றுப்புற வாரியம் 2016-ல் வோல்பாக்கியா ஆண் கொசுக்களை (வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ளவை, இவற்றோடு கூடும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது) குடியிருப்புப் பேட்டைகளில் விடத் தொடங்கியபோது, கொசு விடாத, மற்றபடி ஒத்த இடங்களையும் சேர்த்தே கண்காணித்தது இதனால்தான். விட்ட இடத்தில் மட்டும் முன்னையும் பின்னையும் எண்ணியிருந்தால், கொசு குறைந்தது வோல்பாக்கியாவாலா பருவநிலையாலா என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

நம் பெற்றோர் பலர் அறிவியல் ஆங்கிலத்தில் நடப்பதால் நமக்கு ஒன்றும் தெரியாது என்று ஒதுங்கி, டியூஷனுக்குக் காசு கட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். தேர்வில் எழுத வேண்டிய வாக்கியத்துக்கு ஆங்கிலம் வேண்டும்தான். 'வேற காரணமா இருக்காதாப்பா?' என்று சாப்பாட்டு மேசையில் கேட்பதற்கு எதற்கு ஆங்கிலம்? சமையல் செய்கிற அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ இந்தக் கேள்வி சர்வசாதாரணம். இட்லி மாவு நேற்றுப் பொங்கவில்லை என்றால் ஏசி அறையில் வைத்ததாலா, உளுந்து பழசா என்று நாம் ஆராய்வதில்லையா?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்களுக்கான பக்கத்தில் மாதம் ஒரு சோதனையை வேண்டுமென்றே ஓட்டையோடு போடுங்கள், ஓட்டை எங்கே என்று பிள்ளைகள் தமிழில் எழுதி அனுப்பட்டும், நல்ல பதில்களை அடுத்த வாரம் வெளியிடுங்கள். முதல் சோதனையை நானே தருகிறேன்: அப்பா மெல்லிய துண்டை வெளியே மூங்கில் கம்பில் காயப்போட்டார், ஜீன்ஸை அறைக்குள் கொடியில் போட்டார், துண்டு முதலில் காய்ந்தது, ஆகவே காற்று பட்டால் துணி சீக்கிரம் காயும் என்று முடிவுகட்டினார். எத்தனை ஓட்டை?

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈசூன்