நெல்லும் உப்பும் நேரா?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வாசிப்பு வட்டத்துக்கு இளையவர்கள் நிறையப் பேர் வரத் தொடங்கியிருக்கிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. அடுத்த கூட்டத்தில் வசதியானவருக்கும் வசதியில்லாதவருக்கும் இடையே வரும் காதலைச் சங்கப் பாட்டிலிருந்து பேச வேண்டும் என்கிறாய். அதற்கு அங்கே இடம் உண்டா, எந்தப் பாட்டை எடுப்பது, எங்கே பிசகும் என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். இடம் தாராளமாக உண்டு. பிசகவும் நிறைய வாய்ப்பு உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நற்றிணை 45-இல் தொடங்கு. 11 அடிதான். பாடியவர் பெயர் தெரியாத பாட்டு. நெய்தல் நிலம். காதலியைச் சந்திக்க உதவி கேட்டு வந்து நிற்கிறான் ஒருவன். தோழி அவனிடம் பேசுகிறாள். இவள் கடற்கரைச் சிற்றூரில், நீலக் கடல் கலங்க உள்ளே புகுந்து மீன் பிடிக்கிற பரதவர் மகள். நீயோ கொடி அசையும் கடைத்தெரு உள்ள மூதூரில், வேகமான தேர் வைத்திருக்கும் செல்வனின் அன்பு மகன். சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை ஓட்டுகிற எங்களுக்கு அழகு என்ன வேண்டிக் கிடக்கிறது? எங்கள்மேல் புலால் நாறும், தள்ளி நில். கடல் விளைச்சலில் வாழும் எங்கள் ‘சிறு நல் வாழ்க்கை’ உம்மோடு ஒத்து வராது. எங்களிலும் செம்மல் உண்டு. இவ்வளவுதான் பாட்டு.

இதை வாசிக்கும்போது முதலில் மூலத்தை மட்டும் அச்சடித்துக் கொடு. பாட்டின் கீழே வரும் துறைக் குறிப்பை, அதாவது யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் வரியை, மறைத்துவிடு. அது பாடியவர் எழுதியது அல்ல, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. சொற்களைப் பிரித்து எழுதி, கடினமான மூன்றுக்கு மட்டும் பொருள் போடு. நியமம் என்றால் கடைத்தெரு. உணக்கல் என்றால் காயவைத்தது, இங்கே கருவாடு. புரைதல் என்றால் ஒத்திருத்தல். அதற்குமேல் பொருள் சொல்லாதே. இரண்டு பேரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேள்: இதில் யார் யாரிடம் பேசுகிறார்கள்? கூட்டத்தின் பாதி விஷயம் அங்கேயே வந்துவிடும்.

இந்தப் பாட்டில் நான் நிறுத்தி நிதானிக்கும் இடம் இரண்டு. அவனை அவள் செல்வன் என்று சொல்லவில்லை, ‘செல்வன் காதல் மகன்’ என்கிறாள். தேரும் கொடியும் அப்பாவுடையவை. அவன் கையில் சொந்தமாக என்ன இருக்கிறது என்று கேளாமல் கேட்டுவிட்டாள். வசதியான வீட்டுப் பிள்ளையைக் காதலிக்கும் எந்தப் பெண்ணும் அஞ்சுகிற இடம் இதுதான். நாளை அப்பா கையை மடக்கிக்கொண்டால் இவன் என்ன செய்வான்?

இன்னொன்று இலக்கணம். ‘இவளே’, ‘நீயே’ என்று ஒருமையில் ஆரம்பிக்கிறாள். ஒரு பெண், ஒரு பையன். போகப் போக ‘எமக்கு’, ‘நாறுதும்’, ‘எம் சிறு நல் வாழ்க்கை’, ‘நும்மொடு’ என்று எல்லாம் பன்மையாகிவிடுகிறது. இரண்டு பேர் விஷயமாக இருந்தது, பத்து அடிக்குள் இரண்டு ஊர் விஷயமாகிறது. இதைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதிக் காட்டு. இடப்பக்கம் ஒருமைச் சொல், வலப்பக்கம் பன்மைச் சொல். எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

கடைசி அடியில் ‘செம்மல்’ என்பதை இரண்டு விதமாகக் கொள்ளலாம். எங்களிலும் உன்னைப் போன்ற தலைமக்கள் உண்டு என்பது ஒன்று. எங்கள் வாழ்க்கைக்கும் ஒரு பெருமிதம் உண்டு என்பது மற்றொன்று. எனக்கு இரண்டாவதுதான் நெருக்கம். ‘சிறு’ என்று சொன்ன கையோடு ‘நல்’ என்றும் சொன்னவள் அப்படித்தான் முடிப்பாள். ஆனால் முதல் பொருளையும் ஒதுக்காதே. எங்கள் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காமல் இல்லை என்ற அதட்டல் அதில் இருக்கிறது.

இப்போது பிசகும் இடம். எல்லோரும் இதைக் காதல் மறுப்பு என்று படித்துவிடுவார்கள். அப்போது மறைத்து வைத்த துறைக் குறிப்பைத் திற: ‘குறை வேண்டிய தலைவனைத் தோழி சேட்படுத்தது’. குறை வேண்டுவது என்றால் உதவி கேட்டு நிற்பது. சேட்படுத்துவது என்றால் தூரத்தில் நிறுத்துவது. கதவைச் சாத்துவது வேறு, வாசலில் நிறுத்தி வைப்பது வேறு. தொல்காப்பியத்தில் மணத்துக்கு முந்தைய மறைவான காதலைச் சொல்லும் களவியலில், தோழியின் பேச்சு வகைகளைச் சொல்லும் நூற்பாவில் ‘பெருமையின் பெயர்ப்பினும்’ என்று ஒன்று வருகிறது. அவன் பெருமையைச் சொல்லியே அவனைத் திருப்பி அனுப்புவது என்று பொருள். அந்தஸ்து வேறுபாட்டை எடுத்துச் சொல்லி ஆளைச் சோதிப்பது தோழியின் வேலையில் ஒரு பகுதி. போய்விடுகிறானா, நிற்கிறானா என்று பார்க்கிறாள்.

எதிர்ப்பக்கம் பிசகுகிறவர்களும் வருவார்கள். சங்க காலத்தில் காதலுக்குத் தடையே இல்லை, எல்லோரும் சமம் என்று ஒருவர் எழுந்து சொல்வார். அவருக்காகத் தொல்காப்பியத்தின் இரண்டு இடங்களைக் கையில் வைத்துக்கொள். மெய்ப்பாட்டியல், காதலர் இருவருக்கும் ஒத்திருக்க வேண்டியவை என்று பத்தைச் சொல்கிறது. பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, காமவாயில், நிறை, அருள், உணர்வு, திரு. முதலில் பிறப்பு நிற்கிறது, கடைசியில் செல்வம் நிற்கிறது. களவியலின் 2-ஆம் நூற்பாவோ, ஒத்த கிழவனும் கிழத்தியும், அதாவது தலைவனும் தலைவியும், காண்பர் என்று சொல்லிவிட்டு, ‘மிக்கோன் ஆயினும் கடிவரை இன்றே’ என்று முடிகிறது. ஆண் உயர்ந்தவனாக இருந்தால் விலக்கு இல்லை. பெண் உயர்ந்தவளாக இருந்தால்? நூற்பா வாய் திறக்கவில்லை. விதி ஒரு பக்கம்தான் திறக்கிறது. இதை மறைத்துவிட்டுப் பாட்டின் அழகை மட்டும் பேசினால் வந்திருக்கும் இளையவர்களுக்கு நாம் செய்யும் துரோகம் அது.

அடுத்து அம்மூவனார் என்ற சங்கப் புலவர். இந்தப் பொருளில் அவரைத் தாண்டி யோசிக்க எனக்கு வரவில்லை. அகநானூறு 140, 280, 390 மூன்றும் அவருடையவை. 140-இல் உப்பு விற்க வந்த பெண், நெல்லுக்கு நேர் உப்பு என்று தெருவில் கூவுகிறாள். குரல் பழகிய வீட்டு நாய் புதுக் குரலைக் கேட்டுக் குரைக்கிறது. அவள் மிரள்கிறாள். மிரண்ட கண்ணில் விழுந்தவன்தான் பாட்டில் பேசுகிறவன். அந்தத் தெருவில் அவள் யார் என்பதை அந்த நாய் சொல்லிவிடுகிறது. ஒரு படி நெல்லுக்கு ஒரு படி உப்பு என்கிற சம விலையை அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாய் குரைக்கிறது. பண்டம் நேருக்கு நேர், மனிதர் அப்படி இல்லை.

390-இல் அவனே வழிமறித்து, உப்புக்கு விலை சொன்னாய், உன் மெய்யில் வாழும் உப்புக்கு விலை தெரியவில்லையே என்று கேட்கிறான். அவள் சற்று விலகி நின்று, யார் நீங்கள் எங்களை மறிக்க என்று கேட்டுப் புன்னகைத்துப் போகிறாள். இளையவர் கூட்டத்தில் இதைத் தெருவில் சீண்டுவது என்று ஒருவராவது சொல்வார். சொல்லட்டும், மடக்காதே. விற்க வந்தவளிடம் வாங்குகிற தெருவைச் சேர்ந்தவன் பேசுகிற துணிச்சல் அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பாட்டு எப்படித் தொடங்குகிறது என்பதையும் காட்டு. உப்பு வண்டியோடு நெடுவழி போகும் உமணர் வாழ்க்கை நல்லதுதானோ என்ற கேள்வியோடு தொடங்குகிறது. அவன் மனம் அவள் அழகுக்கு முன்னால் அவள் பிழைப்புக்குப் போயிருக்கிறது.

நிறைய நேரம் 280-க்கு வை. கடற்கரையில் நண்டு ஓட்டி விளையாடிய பெண்ணைக் கண்டவன் தனக்குத்தானே கணக்குப் போடுகிறான். சிறந்த பொருளைக் கலம் நிறையக் கொடுத்தாலும் அவளைப் பெற முடியாது. அப்படியானால், நாம் இருக்கும் ஊரை விட்டுப் பெயர்ந்து, அவள் தந்தையோடு சேர்ந்து உப்பு உழுது, புணையோடு ஆழ்கடலில் புகுந்து, அவன் சொற்படி பணிந்து பக்கத்திலேயே இருந்தால் ஒருவேளை தருவானோ? ‘படுத்தனம், பணிந்தனம், அடுத்தனம், இருப்பின்’ என்று வினைகளை அடுக்குகிறார். சத்தமாகப் படித்தால் ஒருவன் படி இறங்குகிற ஓசை கேட்கும்.

இங்கே ஒன்று கவனி. பரதவன் என்றதும் ஏழை என்று கூட்டத்தில் முடிவு கட்டிவிடுவார்கள். பாட்டின் கடைசியில் அந்தத் தந்தை, கடலில் எடுத்த முத்தைக் கரையில் எல்லோருக்கும் பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறான். முத்துப் பகுக்கும் கைக்கு முன்னால் பொருளை நீட்டினால் எப்படி எடுபடும்? அதனால்தான் வந்தவன் உழைப்பை நீட்டப் பார்க்கிறான். புறநானூறு 343-இல் பரணரும் இதே ‘நலம் சால் விழுப்பொருள்’ என்ற தொடரைத்தான் வைக்கிறார். பணிந்து வந்து கொடுத்தாலும், ‘புரையர் அல்லோர் வரையலள் இவள்’ என்று தந்தை மறுக்கிறான். ஒப்பு இல்லாதவரை இவள் மணக்கமாட்டாள் என்று பொருள். நற்றிணைத் தோழி சொன்ன ‘புரைவதோ அன்றே’ என்பதும் இதே புரைதான். இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே நீ கூட்டத்தை நடத்திவிடலாம்.

எனக்கு இந்தப் பாட்டுகளிலிருந்து தெரிவது இதுதான். பணம் எவ்வளவு என்பதில் இவர்களுக்கு அக்கறை குறைவு. இருவரில் யார் இடம் பெயர்கிறார்கள், அந்தப் பெயர்ச்சி யார் உடம்பில் விழுகிறது என்றுதான் பார்க்கிறார்கள். அதற்குப் போதனார் பாடிய நற்றிணை 110-ஐவிடச் சான்று இல்லை. ஒரு பெண் சிறுமியாக இருந்தபோது, தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்திக்கொண்டு, பூ நுனி வைத்த சிறு கோலை ஓங்கிக்கொண்டு, நரைத்த செவிலியர், அதாவது வளர்ப்புத் தாய்மார், அவள் பின்னாலே ஓடுகிறார்கள். முத்துப் பரல் போட்ட பொற்சிலம்பு ஒலிக்கத் தாவி ஓடிப் பந்தலுக்குள் போய்விடுகிறாள். அவர்கள் களைத்து நிற்கிறார்கள். அதே பெண் இப்போது கணவன் குடி வறுமைப்பட்டபோது, தந்தை வீட்டுக் கொழுஞ்சோற்றை நினைக்காமல், ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்கிறாள். ஓடும் நீரில் நுண்மணல் வரி வரியாகப் படிகிறதே, அதுபோல என்று உவமை. மேடும் பள்ளமும் மாறி மாறி வருகிற மணலை ஒரு வேளை உண்டு, ஒரு வேளை விடுகிற வயிற்றுக்கு வைத்திருக்கிறார்.

இதில் இரண்டு எச்சரிக்கை. அவள் ஏழையைக் காதலித்து மணந்தாள் என்று சொல்லிவிடாதே. பாட்டில் இருப்பது ‘குடி வறன் உற்றென’ என்பதுதான், அதாவது அந்தக் குடி பின்னால் வறுமைப்பட்டது. இன்னொன்று, பெண் என்றால் பட்டினி கிடந்தும் பொறுக்க வேண்டும் என்ற உபதேசமாக இதை ஆக்கிவிடாதே. பேசுகிறவர் அவளை வளர்த்த தாய்மாரில் ஒருவர். ‘அறிவும் ஒழுக்கமும் யாண்டு உணர்ந்தனள்கொல்’ என்ற வியப்புக்குள் அந்த அம்மாவின் வயிறு எரிவதும் கேட்கும். ‘மதுகை’ என்றால் வலிமை. ‘சிறு மதுகையள்’ என்று முடிக்கிறார்.

இதனோடு ஐங்குறுநூறு 203-ஐ ஒட்டிப் படித்தால் இன்னும் நன்றாக இருக்கும். கபிலர் பாட்டு. காதலனோடு அவன் ஊருக்குப் போய்த் திரும்பி வந்த பெண், அங்கே தண்ணீர் நன்றாக இராதே, எப்படிக் குடித்தாய் என்று கேட்ட தோழிக்குப் பதில் சொல்கிறாள். நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட, அவர் நாட்டில் தழை மூடிய கிணற்றில் மான் குடித்து மிச்சம் வைத்த கலங்கல் நீர் இனியது. இரண்டு பாட்டிலும் அதே தேன் கலந்த பால், பிறந்த வீட்டு வசதியின் அடையாளமாக. ஒருத்தி வாய்விட்டுச் சொல்கிறாள், மற்றவள் சொல்லாமல் ஒரு வேளையை விட்டுவிடுகிறாள்.

மணத்துக்குப் பிறகு என்ன கெடும் என்று யாராவது கேட்டால் குறுந்தொகை 295. தூங்கலோரியார் பாடியது. பரத்தையரோடு நீராடித் திருவிழாப்போல் வருகிற கணவனை நிறுத்தித் தோழி சொல்கிறாள்: ஒரே ஒரு பசுவைக் கொண்டு பிழைத்த, சீரில்லாத வாழ்க்கை உன்னுடையது, இந்தப் பெண் வந்தபிறகுதான் விழாவாயிற்று என்று ஊர் பேசுகிறது. மனைவி வந்து செழித்தவன் அதை மறந்துபோவதும், அவள் பக்கத்து ஆள் பழைய பசுக்கணக்கை எடுத்து நீட்டுவதும் இன்றைக்கும் வீட்டுக்கு வீடு நடப்பதுதான். அவள் தன் வாயால் சொல்லவில்லை, தோழி சொல்கிறாள் என்பதைக் குறித்துக்கொள். சொல்லியிருந்தால் அந்த வீடு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஆறேழு பாட்டு ஏறாது. நற்றிணை 45, அகம் 280, நற்றிணை 110, குறுந்தொகை 295 நான்கை வை; மற்றவற்றை வாயால் சொல்லிக்கொள். நற்றிணைக்குப் பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் உரையை எடுத்துக்கொள், 1915-இல் வந்தது. பக்கத்தில் ஔவை துரைசாமிப் பிள்ளை உரையும் இருக்கட்டும். குறுந்தொகைக்கு உ.வே.சா. பதிப்பு. உரைகள் வேறுபடும் இடத்தைக் குறித்துக்கொண்டு போ. ‘செம்மல்’ போன்ற இடத்தில் கேள்வி நிச்சயம் வரும்.

280-ஐ கடைசியில் வைப்பதுதான் எனக்குச் சரியாகப்படுகிறது. ‘தருகுவன் கொல்லோ’ என்று கேட்கிறான்; தந்தையின் பதில் பாட்டில் இல்லை. அந்தப் பதிலை உன் கூட்டத்தாரை ஆளுக்கு ஒரு வரியாக எழுதித் தரச் சொல். தாளில் பெயர் வேண்டாம், அப்போதுதான் மனதில் இருப்பதை எழுதுவார்கள். எழுதியதை எனக்கும் அனுப்பு, அப்பா சம்மதித்த வரிகள் எத்தனை என்று பார்க்க ஆவலாக இருக்கிறது.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்