அந்தப் பட்டப்பெயர்

அன்புள்ள டிராப் டேபிளுக்கு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிடுவது இதுதான் கடைசி. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். ஏழெட்டு மாதமாகக் கடிதம் இல்லையே என்று திட்டியிருப்பாய், நியாயம்தான். இங்கே எல்லோரும் சுகம். தாடி வேலையை விட்டுவிட்டான், தாடியை விடவில்லை.

போன வெள்ளி ராத்திரி, மாதக் கணக்கு முடிக்கிற ஜாப் பாதியில் விழுந்தது. காரணம் தேடிப் போனால் நம் பழைய சிநேகிதன்: ஆரக்கிள் டேட்டாபேஸ் காட்டுகிற பிழை ஓஆர்ஏ-00942, "டேபிளோ வியூவோ இல்லை". அந்த ஜாப் ஓட்டுகிற புரொசீஜரின் (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைத்த நிரலின்) ஓனர் பெயரிலேயே ஆரக்கிளுக்குள் போய், டேபிளைப் படிக்கிற செலக்ட் அடித்தால், டேபிள் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதே வரியோடு புரொசீஜரைக் கம்பைல் செய்தால் "இல்லை" என்கிறது. சினானிம், அதாவது டேபிளின் மாற்றுப்பெயர், பார்த்தேன். டேபிள் இருக்கிற ஸ்கீமாவின் பெயரை முன்னால் போட்டேன். எவனாவது இரட்டை மேற்கோளுக்குள் சின்ன எழுத்தில் பெயர் வைத்துத் தொலைத்தானா என்றும் தேடினேன். மணி 2. பொறுமை போய், "டேபிளில் கை வைத்தது யார்?" என்று, டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிற டிபிஏ பையனுக்கு ஒரு மெயில். ஊருக்கெல்லாம் சிசி.

பதில் ஒரே வரி. "சார், முதலில் செட் ரோல் நன் கொடுத்துவிட்டு அதே செலக்டை ஓட்டுங்க." அதாவது ரோல்களை, அனுமதிகளைக் கட்டிக் கொடுக்கிற மூட்டைகளை, எல்லாம் அணைத்துவிட்டு. ஓட்டினேன். கண் முன்னாலேயே டேபிள் மாயம்! அதே 00942.

விஷயம் இதுதான். ரோல் வழியாக வந்த அனுமதி நம் விண்டோவில் செல்லும். ஓனரின் உரிமையில் ஓடுகிற புரொசீஜருக்குள் ரோல் செல்லாது, ஓனர் பெயருக்கே கொடுத்த நேரடி கிராண்ட் (அனுமதி) வேண்டும். தணிக்கைக்காக நேரடி கிராண்டையெல்லாம் பிடுங்கி ரோலுக்கு மாற்றச் சொல்லி முந்தின வாரம் கையெழுத்துப் போட்ட புண்ணியவான் யார்? நானேதான். ஒரு வரி கிராண்ட், ஒரு கம்பைல், ஜாப் ஓடிவிட்டது.

டேபிள் இல்லாவிட்டாலும், இருந்து அனுமதி இல்லாவிட்டாலும் ஆரக்கிள் சொல்வது ஒன்றேதான். அந்நியன் ஒருவன் பெயர்களை ஊகித்துப் போட்டுப் பார்த்து, எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கூடாதே. ஆவணத்தில் ரோல் விஷயம் தெளிவாகவே இருக்கிறது, நாம்தான் படிக்கவில்லை.

டேய், அன்றைக்கு நீயும் இதையேதான் சொன்னாய். "டேபிள் அங்கேதான் இருக்கு, நான் அழிக்கலை" என்று எல்லார் முன்னாலும் நின்றாய். 00942-ஐத் திரையில் காட்டி, "அப்ப இது பொய் சொல்லுதா?" என்று கேட்டவன் நான். எல்லோரும் சிரித்தார்கள். டேபிளையே அழிக்கிற கட்டளையின் பெயர், டிராப் டேபிள், உனக்கு ஒட்டிக்கொண்டது. மூன்று மாதத்தில் நீ டீம் மாறிப் போனாய். ஏன் போனாய் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பையனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன், அதே சிசி-யோடு மெயிலும் போட்டாயிற்று. உன் விஷயத்தில் சிரித்தவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். தாடியிடம் மட்டும் சொன்னேன், வெகுநேரம் பேசவே இல்லை.

அந்த ராத்திரி நீ ஓட்டிய ஸ்கிரிப்ட் இன்னும் வைத்திருக்கிறாயா? இருந்தால் அதில் கிராண்ட் ரோலுக்குப் போனதா, நேராகப் போனதா என்று பார்த்து எழுது.

உன்,
சிசி