திருப்பணி நிறைவு அறிக்கை: நம் தெரு அம்மன் கோயில், பழைய வண்ணாரப்பேட்டை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். மண்டலாபிஷேகம் 48 நாளும் முடிந்து, பந்தல்காரர் பாக்கியும் கொடுத்தாகிவிட்டது. கணக்கு எங்கே என்று கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள், கேட்க வேண்டியதுதான். வரவு 18,04,300 ரூபாய், செலவு 17,86,000, கையிருப்பு 18,300. ரசீதுகள் கோயில் பீரோவில் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் வந்தாலும் எடுத்துப் பார்க்கலாம். வரவுப் புத்தகம் எழுதியது என் மனைவி. ஒரு ராத்திரி 500 ரூபாய் உதைத்தது என்று அவள் உட்கார்ந்து கூட்டியதில், பால் பாக்கெட் போடுகிற பையன் வருகிற நேரத்தில்தான் தப்பு அகப்பட்டது.

நாம் போட்ட எஸ்டிமேட் 11 லட்சம்தான். எங்கே கூடியது என்று சொல்கிறேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது இந்தக் கோயிலுக்கு மூன்று படி ஏறிப் போவோம். 2023-இல் ஒரு படி இறங்கிப் போய்க்கொண்டிருந்தோம். பழைய தாரின் மேலேயே புதுத் தார், அதன் மேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டு ரோடு அவ்வளவு ஏறிவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலர் உத்தரவே போட்டார், அதற்குள் நம் தெருவில் காரியம் முடிந்திருந்தது. நான் வார்டு ஆபீஸில் வேலை பார்ப்பவன் என்பதால் இதற்கும் என்னைத்தான் கேட்பீர்கள். நான் வரி ரசீது போடுகிறவன், தார் ஊற்றுகிறவன் இல்லை என்று எத்தனை தடவை சொல்வது! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கருவறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது நினைவிருக்கும். கோபுரம் அப்புறம், முதலில் தரையைத் தூக்குங்கள் என்று பொங்கல் முடிந்து கூடிய கூட்டத்தில் நீங்கள்தான் சொன்னீர்கள்.

2024 ஆவணியில், அம்மனைத் தற்காலிக இடத்தில் எழுந்தருளச் செய்யும் பாலாலயம் செய்து வேலையை ஆரம்பித்தோம். வாசலைத் தோண்ட அனுமதி கேட்டு நானே எழுதிய மனு நாலு மேசை சுற்றி என் மேசைக்கே வந்து சேர்ந்தது தனிக் கதை. தோண்டினால், தார் அடை அடையாக ஐந்து வரிசை இருக்கிறது, அதற்குக் கீழே அந்த மூன்று கருங்கல் படியும் அப்படியே கிடக்கின்றன. நடுவில் கால் பட்டுத் தேய்ந்த பள்ளம் கூட மாறவில்லை. அவற்றைத்தான் கழுவி எடுத்துப் புது வாசலில் வைத்திருக்கிறோம். கிரானைட் ஏன் போடவில்லை என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

தரையை இரண்டரை அடி ஏற்றியதும் முன்மண்டபத்தில் தலை இடித்தது. கூரையையும் தூக்காமல் வேறு வழி இல்லை. அது பழைய மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்லை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் கட்டியது. பிரித்துப் பார்த்தால் உத்திரம் நடுவில் இரும்பு மாதிரி இருக்கிறது, சுவருக்குள் புதைந்த முனை மட்டும் ஒரு அடிக்கு உளுத்துப் பொடியாகக் கொட்டுகிறது. அதே மாதிரி திரும்பக் கட்டலாம் என்று ஆசைப்பட்டோம், அந்த வேலை தெரிந்த கொத்தனார் அகப்படவில்லை. கான்கிரீட்தான் போட்டோம். நம் தெரு போர்வெல் தண்ணீர் உப்பு, அதைக் கலவையில் ஊற்றினால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், அதனால் கலவைக்கும், அப்புறம் கான்கிரீட்டை நனைத்து வைக்கிற க்யூரிங்குக்கும் லாரித் தண்ணீர் வாங்கினோம். கூரைக்கு மட்டும் 4,90,000 ஆனது, எஸ்டிமேட்டில் அது ஒரு ரூபாய் கூட இல்லை. உத்திரத்தில் நல்ல பாகத்தை இழைத்து வாசல் கதவு செய்தோம். இழைத்த அன்று தெரு முழுக்கத் தேக்கு வாசனை.

இந்தச் செலவால்தான் கோபுரத்தில் புதுச் சுதை பொம்மைகள் வைக்க முடியவில்லை. உடைந்த கை, மூக்கு ஒட்டி வர்ணம் பூசியதோடு நிறுத்திக்கொண்டோம். பழைய பொம்மைக்குப் பெயிண்ட் அடித்து ஏமாற்றிவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசுவது காதில் விழுந்தது. அப்படியே இருக்கட்டும், பொம்மை அடுத்த திருப்பணிக்குக் காத்திருக்கும், கருவறைக்குள் நின்ற சாக்கடைத் தண்ணீர் காத்திருக்குமா? டியூப் லைட்டில் உபயம் என்று பெயர் எழுத மாட்டோம் என்றதும் ஒருவர் கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்கும் ரசீது இருக்கிறது.

புதுப் படி வைத்த அன்று என் அம்மாவைக் கூட்டி வந்தேன். 81 வயது, இரண்டு முட்டியும் போய்விட்டது. படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாமிய தூக்கிட்டீங்க, சரி. என்னை யாருடா தூக்கினு போவா?" கமிட்டியில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. உடனே பக்கத்தில் ஒரு சாய்தளமும் கைப்பிடியும் சேர்த்தோம், 62,000 ரூபாய். சாதாரண இரும்புக் குழாய் இந்தக் கடல் காற்றில் இரண்டு வருஷம் தாங்காது என்று எவர்சில்வரில் போட்டது. வெல்டிங் கடை பாய் பொருளுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு கூலி வேண்டாம் என்றுவிட்டார். சொந்த அம்மாவுக்காகக் கோயில் பணத்தில் செய்துகொண்டான் என்று யாராவது நினைத்தால், கும்பாபிஷேகத்தன்று அந்தச் சாய்தளத்தில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று பூக்காரம்மாவைக் கேளுங்கள்.

சிலையைப் பீடத்தோடு ஒட்டவைக்கிற அஷ்டபந்தன மருந்து இடித்ததைச் சொல்ல வேண்டும். எருமை வெண்ணெய்க்குத்தான் அலைந்தோம். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு எல்லாம் சேர்ந்து முதலில் உலக்கையோடு ஒட்டிக்கொண்டு வரும், இடிக்க இடிக்கத்தான் மெழுகாகத் திரளும். காசிமேட்டில் மீன்பிடி போட்டுக்குப் போகும் பையன்கள் நாலு பேர், வலை இழுக்கிற கை, முறை போட்டு இடித்தார்கள். மருந்தைக் கையில் உருட்டிப் பார்த்த ஸ்தபதி, இது போதும் என்று தலையாட்ட மத்தியானம் ஆகிவிட்டது.

இந்த ஐப்பசி மழையில் கோயிலுக்குள் ஒரு சொட்டு தண்ணீர் வரவில்லை. ஆனால் எதிர் வரிசையில் இரண்டு வீட்டுக்குள் வந்தது. முன்பெல்லாம் கோயில் வாங்கிக்கொண்ட தண்ணீர் இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறது என்கிறார்கள், பொய் இல்லை. கையிருப்பில் அன்னதானப் பாத்திரம் வாங்கலாம் என்று கமிட்டியில் பாதிப் பேர் சொல்கிறார்கள். நான் தண்ணீர் இறைக்கிற மோட்டாரும் நீளமான ஓஸும் வாங்கிக் கோயிலில் வைக்கலாம் என்கிறேன். வருகிற ஞாயிறு காலை 10 மணிக்குக் கூட்டம், எதிர் வரிசைக்காரர்களும் கட்டாயம் வர வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் கமிட்டி