டென்ட் லிஸ்ட்ல ஒண்ணு விட்டுப்போச்சுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல சேக்காளிங்களோட காட்டுக்குள்ள டென்ட் போட்டுத் தங்கறதப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தீங்க. நல்லாத்தான் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா பாதிப் பக்கத்துக்கு ஒரு போட்டோ போட்டீங்க பாருங்க, ஆளுயரத்துக்கு நெருப்பு எரியுது, சுத்திப் பத்துப் பேரு உக்காந்து கிடார் வாசிக்கறாங்க, அதுக்குக் கீழயே கொண்டுபோக வேண்டிய சாமான்னு பெட்டி கட்டி 12 ஐட்டம். பவர் பேங்க்ல இருந்து நெருப்புல சுட்டுத் திங்கற மார்ஷ்மெல்லோ மிட்டாய் வரைக்கும் இருக்குது. நம்மூர்ல எவனுங்க மார்ஷ்மெல்லோ சுட்டுத் திங்கறான், நாங்க போனப்ப மக்காச்சோளக் கருதுதான் சுட்டோம். அது கெடக்கட்டும், அந்த நெருப்பு போட்டோவப் பத்தித்தான் இந்தக் கடுதாசி.

நாங்க பாலிடெக்னிக்ல ஒண்ணாப் படிச்ச ஏழு பேரு. எல்லாம் லேத்து, மோட்டார் பம்பு, சிட்கோ அப்படின்னு இருக்கறவனுங்க, வருசத்துல ஒருக்கா சனி ஞாயிறு எங்கயாவது கிளம்பிடுவோம். ரெண்டு வருசம் முன்னாடி பிப்ரவரி கடைசியில ஒரு மலைக்குப் போனோம், எந்த மலைன்னு வேண்டாமுங்க, அந்தப் பேக்கேஜ்காரன் பேரும் வேண்டாம். ஆளுக்கு 1,500 ரூவா, டென்ட்டு, ராத்திரி சிக்கன், கேம்ப் ஃபயர், காலையில டீ. காடுன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனான், போய்ப் பாத்தா எஸ்டேட் ஓரத்துப் பட்டா நிலம், ஒரு கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம்தான் நெஜமான காடு. ரெண்டு மாசமா மழையே இல்ல, இடுப்பு உயரத்துக்குப் புல்லு காஞ்சு நின்னுச்சு, அதுக்கு மேல உன்னிச்செடி பொதர் பொதரா. எங்களுக்கு அதெல்லாம் கண்ணுலயே படல. ஸ்பீக்கரப் போட்டு ஆடிட்டு, வெறகு பத்தலன்னு வேலியத் தாண்டிப் போயி காஞ்ச கொம்பெல்லாம் இழுத்துட்டு வந்து போட்டு எரிச்சோம். இப்ப நெனச்சா கூசுதுங்க.

பதினொரு மணிக்கு மேல எல்லாரும் போயிப் படுத்தாச்சு. நெருப்புதான் அடங்கிருச்சேன்னு அப்படியே விட்டுட்டோம். நான் நடுராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிச்சு வெளிய வந்தா, அந்த இடத்துல வாட்ச்மேன் அய்யன் குந்த வெச்சு உக்காந்திருக்காரு. மலையிலயே பொறந்து வளந்த ஆளு, எழுபது வயசு இருக்கும். பக்கத்துல ரெண்டு கொடம் தண்ணி. ஊத்தறாரு, குச்சிய விட்டுக் கிண்டறாரு, மறுபடி ஊத்தறாரு, அப்புறம் பொறங்கைய சாம்பலுக்குக் கிட்ட வெச்சுப் பாக்கறாரு. தண்ணி எங்கிருந்துங்க அய்யான்னு கேட்டேன், கீழ ஓடையில இருந்துன்னாரு. அந்த இருட்டுல!

நெருப்பு அணைஞ்சுதானே இருந்துச்சுன்னு நான் கேட்டதுக்கு, "சாம்பல் தூங்கற மாதிரித்தான் கண்ணு இருக்கும், உள்ள கங்கு முழிச்சுட்டுக் கெடக்கும், காத்தடிச்சா எந்திரிச்சுக்கும்"னாரு. கீழ எங்கயாச்சும் பத்துனா என்ன பண்ணுவீங்கன்னேன். மேல ஓடக்கூடாதுன்னாரு, நெருப்பு சரிவுல மேல ஏறும்போதுதான் வேகமாப் போகுமாம், சூடு முன்னாடியே போயி மேல இருக்கற புல்லக் காயவெச்சு வெச்சிருமாம், நம்ம காலு அதுக்கு ஈடு குடுக்காதுன்னாரு. பேசிட்டு இருக்கறப்பவே எனக்குத் தேனிப் பக்கத்துக் குரங்கணி ஞாபகம் வந்துருச்சுங்க. 2018 மார்ச் 11, அதுவும் ஒரு ஞாயித்துக்கிழமைதான். சென்னையில இருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இருந்தும் எங்கள மாதிரியே வார லீவுக்குக் கொழுக்குமலை ஏறிப் போனவங்க, எறங்கி வர்ற வழியில தீக்குள்ள மாட்டி 20 பேருக்கு மேல போய்ச் சேந்தாங்க. அந்தத் தீ எப்படி வந்துச்சுங்கறது வேற பேச்சு, ஆனா காஞ்ச புல்லு, சரிவு, காத்து, இது அத்தனையும் எங்க டென்ட்ட சுத்தியும் இருந்துச்சே.

காலையில எந்திரிச்சுப் பாத்தா எங்க டென்ட்டுல இருந்து மூணடி தள்ளி, புல்லுல உள்ளங்கை அகலத்துக்குக் கருகிக் கெடக்குது. டென்ட்டுத் துணியிலயும் ரெண்டு பொத்தல், நைலான் உருகி ஓரம் சுருண்டு போயி. உள்ள நாலு பேரு படுத்திருந்தோம்.

அடுத்த வருசம் பரம்பிக்குளம் போனோம். கேரளாவுதுதான், ஆனா ரோடு பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாத்தான் போகுது. அங்க வனத்துறையே டென்ட்டு வெச்சிருக்காங்க, கூடவே அந்தக் காட்டு ஆளு ஒருத்தர கைடா அனுப்பறாங்க, ராத்திரி வெளிய சுத்தற கதையே கெடையாது. எங்க செட்டுல ஒருத்தன் போரடிக்குதுன்னு பொலம்பிட்டே வந்தான், காலையில கன்னிமராங்கற அந்தப் பெரிய தேக்கு மரத்தக் கட்டிப்புடிக்க அஞ்சு பேரு கை கோத்தப்ப அவன்தான் மொத ஆளா நின்னான். நம்ம தமிழ்நாட்டுலயும் 2024 அக்டோபர்ல இருந்து வனத்துறை 40 எடத்துல ட்ரெக்கிங் நடத்துதுங்க, ஆன்லைன்ல புக் பண்ணலாம், கைடு வருவாங்க. தீப்புடிக்கிற சீசன்ல, பிப்ரவரி பாதியில இருந்து ஏப்ரல் பாதி வரைக்கும், அதையே நிறுத்தி வெச்சுடறாங்க. நீங்க சரியா அந்த நேரத்துல பாத்து கிளம்புங்க கிளம்புங்கன்னு கட்டுரை போடறீங்க. காப்புக்காட்டுக்குள்ள, அதாவது அரசாங்கம் ரிசர்வ்னு ஒதுக்கி வெச்ச காட்டுக்குள்ள, தீ மூட்டறது குத்தம்னு 1882ஆம் வருசத்து வனச்சட்டத்துலயே இருக்குது, அதப் பத்தியும் ஒரு வரி இல்ல. பட்டா நிலம்தானேன்னு பேக்கேஜ்காரங்க சொல்லுவாங்க, பொறி என்ன சிட்டா அடங்கல் பாத்துட்டாங்க பறக்குது?

டென்ட் போடவே வேண்டாம்னு நான் சொல்ல வரல. நாங்க இந்த வருசமும் போவோம், மழைக்கு அப்புறம், காடு காயறதுக்கு முன்னாடி. குளுருதுன்னா கம்பளி இருக்குது, ஃப்ளாஸ்க்குல சுக்குக் காப்பி இருக்குது. நெருப்பு கட்டாயம் வேணும்னு யாராச்சும் நின்னா, அதுக்குன்னே கல்லு கட்டி மண்ணு போட்ட எடத்துல சின்னதா மூட்டி, படுக்கப் போறதுக்கு முன்னாடி அந்த அய்யன் பண்ணாரே, ஊத்திக் கிண்டி மறுபடி ஊத்தி பொறங்கையில சூடு பாக்கறது, அதச் செஞ்சுட்டுப் படுக்கட்டும்.

அடுத்த வாட்டி அந்த போட்டோவ மட்டும் மாத்துங்க. பெட்டிச் செய்தியில மார்ஷ்மெல்லோவ அடிச்சுட்டு ரெண்டு கொடம் தண்ணின்னு போட்டுருங்க.

இப்படிக்கு,
லேத்துப் பட்டறை வாசகன்,
கணபதி, கோயமுத்தூர்