மெம்பிஸிலிருந்து அப்பாவுக்கு

மெம்பிஸ், அமெரிக்கா,
15.2.2026

அன்புள்ள அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். தங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகியும் பதில் எழுதாதது என் தவறுதான், மன்னியுங்கள். நான் சுகம். காலையில் வாசற்படியில் உறைந்துகிடக்கும் பனிக்கட்டியை உப்புத் தூவிக் கரைத்த பிறகுதான் வெளியே கால் வைக்க முடிகிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இங்கே கோயிலுக்குப் போகிறாயா, உன்னைச் சேர்த்துக்கொள்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த வீட்டுத் தாத்தாதான் தம் கோயிலுக்கு அழைத்துப் போகிறார். கறுப்பினத்தவர், 79 வயது. ஆராதனை முடிந்ததும் வீட்டில் உட்கார வைத்து மக்காச்சோள ரொட்டியும், நெடுநேரம் வேகவைத்த தடித்த ஒரு கீரையும் பரிமாறுவார். குப்பை வண்டி வரும் நாளில் மழையானாலும் பனியானாலும் வாசலுக்கு வந்து, வண்டி தெருமுனை திரும்பும்வரை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நிற்பார். ஏன் என்று போன வாரம்தான் சொன்னார்.

1968-இல் அவர் இந்நகரில் துப்புரவுத் தொழிலாளி. ஓட்டைத் தொட்டிகளைச் சுமக்கும்போது அழுகல் நீர் சட்டைக்குள் வழியுமாம். அந்த ஆண்டு பிப்ரவரி 1 அன்று, மழைக்கு வண்டியின் பின்புறம் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இருவரைக் குப்பை அழுத்தும் இயந்திரம் நசுக்கிக் கொன்றது. 12-ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தத்தில் 1,300 பேர் இறங்கினார்கள். அவர்களுக்காகக் கறுப்பினப் போதகர்கள் ஒன்றுதிரண்டார்கள். அந்தப் போதகர்களுக்கு வழிகாட்டிய ஜேம்ஸ் லாசன், நம் நாட்டில் நாக்பூரில் மெதடிஸ்ட் மிஷனெரியாக இருந்து காந்தியடிகளின் சத்தியாகிரகத்தைக் கற்றவர். கறுப்பின மக்களின் கிளேபோர்ன் ஆலயத்தில் அப்போது போதகராயிருந்த மால்கம் பிளாக்பர்ன் ஒரு வெள்ளையர். "நான் ஒரு மனிதன்" என்ற அட்டைகளை அச்சிட்டுக் கொடுத்தவர் அவர்தான். அதில் ஒன்று தாத்தாவின் சுவரில், மழையில் நனைந்து ஓரம் உப்பிய நிலையில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. சென்ற ஏப்ரலில் அந்த ஆலயம் எரிந்துபோனதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

ஆனால் அப்பா, வெள்ளைக்காரப் போதகர்களில் பெரும்பாலோர் இரண்டு மாதம் வீதிக்கு வரவில்லை. வேலைநிறுத்தக்காரர்களுக்கு ஆதரவாக இங்கே வந்திருந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள்தான் இரு இனத்துப் போதகர்களும் புனித மேரி பேராலயத்திலிருந்து சேர்ந்து நடந்தார்கள். அப்பேராலயத்துத் தலைமைக் குரு வில்லியம் டிமிக் சிலுவையை ஏந்தி முன்னே சென்றார். யூத மத குரு ஜேம்ஸ் வாக்ஸ், இந்நகரின் சட்டங்களைவிட மேலான சட்டங்கள் உண்டு என்று மேயரின் முகத்துக்கு நேரே சொன்னார். 16-ஆம் தேதி நகராட்சி தொழிற்சங்கத்தை அங்கீகரித்தது, கூலியும் உயர்ந்தது. அந்தச் சிலுவை பிப்ரவரியிலேயே தெருவுக்கு வந்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். தாத்தா வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "வந்தவர்களோடு நடந்தோம்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை அசன விருந்தும், வாழையிலையில் விழும் சூடான சோற்றின் மணமும், தாங்கள் பந்தி பந்தியாக நடந்து விசாரிப்பதும் கண்முன்னே வந்து நின்றன. பண்டிகைக்கு முன்தினம் விடியுமுன்னே தெருவைக் கூட்டிச் சுத்தம் செய்கிறவர்கள் கடைசிப் பந்தி முடிந்த பிறகு தூக்குச் சட்டியோடு பின்வாசலில் நிற்பார்களே, அதுவும் வந்தது. சிறுவயதில் அவர்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவனே நான். ஒருநாளும் உள்ளே கூப்பிட்டதில்லை. தாங்கள் ஓய்வு பெற்றிருந்தாலும் தங்கள் சொல்லைச் சேகரத்துச் சபையார் தட்டமாட்டார்கள். இந்த ஆண்டு அவர்களை முதல் பந்தியில் உட்கார வைக்கப் போதகர் ஐயரிடம் பேசுங்கள் அப்பா.

இந்த மாதம் அனுப்பிய பணம் சற்றுக் குறைவுதான். அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன், அதற்காக யாரிடமும் கைமாற்று வாங்க வேண்டாம். அம்மாவின் முழங்கால் வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். எஸ்தருக்கு வந்திருக்கும் நாசரேத்துச் சம்பந்தத்தைப் பற்றிப் பெரியப்பா என்ன சொல்கிறார்? மாப்பிள்ளை வீட்டாரிடம் வாக்குக் கொடுப்பதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மழைக்காலத்துக்கு முன் மேற்குப் பக்கத்து ஓடுகளை மாற்றக் கொத்தனார் எவ்வளவு கேட்கிறார் என்பதை எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகன்,
சாமுவேல்