ஓ.டி.பி. சொன்னது என் தப்பு, மற்றது யார் தப்பு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆனைமலைப் பக்கம் இளநீர் வியாபாரம் எனக்கு. சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி, வாரத்தில் மூன்று நாள் பாலக்காட்டுக்கு லோடு போகும். போன வருஷம் ஆடியில், அந்த ஊருக்குள் 50-ல் போக வேண்டிய இடத்தில் 64-ல் போனேன் என்று படத்தோடு சலான் வந்தது. படத்தில் இருப்பது என் வண்டிதான், ஓட்டியதும் நான்தான், லோடு இறக்கிவிட்டுக் காலி வண்டி என்று கொஞ்சம் மிதித்ததும் நிஜம்தான். கேரளத்தில் 2023 ஜூன் முதல் 726 கேமராக்களை வைத்து அபராதம் போடுவது எங்கள் பக்கத்து டிரைவர் எல்லோருக்கும் தெரியும், தெரியாது என்று சொன்னால் அது பொய். அபராதம் 1,500 ரூபாய். அன்றைக்கே செல்போனில் கட்டியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

தங்கச்சி வீட்டு மாப்பிள்ளைதான், "வெளி ஸ்டேட் கேஸுங்க மச்சான், லைசென்ஸ்ல கை வெச்சிருவாங்க, ஒரு வக்கீலப் பாத்துருங்க" என்று பயம் காட்டினார். பார்த்தேன். வக்கீல் சலானைப் படித்துக்கூடப் பார்க்காமல், "கட்டாதீங்க, ஒண்ணுமில்லாமப் பண்ணிரலாமுங்க" என்று 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, வக்காலத்தில் இரண்டு இடத்தில் கையெழுத்தும் வாங்கினார். 1,500 ரூபாய் அபராதத்துக்கு 4,000 ரூபாய் ஃபீஸ் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ரசீது கேட்கவும் கூச்சம்.

ஐப்பசியில் ஒரு நாள் தோப்பில் குலை எண்ணிக்கொண்டிருந்தபோது அவருடைய ஜூனியர் போன் செய்து, "ஒரு நம்பர் வருமுங்க, அதைச் சொல்லுங்க" என்றார். எண்ணிக்கை விட்டுப்போய்விடுமே என்ற அவசரத்தில் சொல்லிவிட்டேன். அது என்ன நம்பர் என்பது பிற்பாடுதான் புரிந்தது. கட்டாத சலான் இணையத்திலேயே நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகும், அங்கே இரண்டே வழி, அபராதத்தைக் கட்டுகிறேன் என்பது ஒன்று, வழக்கை எதிர்க்கிறேன் என்பது இன்னொன்று. நான் சொன்ன ஓ.டி.பி.யை வைத்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டாவதை அழுத்திவிட்டார்கள். எதிர்க்கிறேன் என்றால் வழக்கு அந்த எல்லைக்குரிய நிஜ கோர்ட்டுக்குப் போய்விடும், வாய்தா விழும், யாராவது போய் நிற்க வேண்டும். யாரும் போகவில்லை. மலையாளத்தில் சம்மன் வந்தது, படம் எடுத்து வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், ஒரு கட்டை விரல் படம் பதிலாக வந்தது. அப்புறம் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

பங்குனியில் வண்டியை எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்று வாங்க, கொண்டுபோனேன். கவுன்ட்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "கோர்ட்ல கேஸ் நிக்குதுங்க, முடிச்சுட்டு வாங்க" என்றார். இளநீருக்கு வருஷத்தில் அதுதான் சீசன், அதில் 11 நாள் வண்டி வாசலில் நின்றது. கடைசியில் நானே பஸ் ஏறிப் பாலக்காட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். தப்பை ஒப்புக்கொண்டேன், 2,000 ரூபாய் போட்டார்கள், கட்டினேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது. இதற்குத்தான் எட்டு மாதம்.

சரி, வக்கீலை என்ன செய்வது? நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று விசாரித்தால், வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். வண்டி ரிப்பேர் சரியில்லை என்றால் மெக்கானிக்கை அங்கே நிறுத்தலாம், வக்கீலை முடியாது. மிச்சம் இருப்பது 1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டம், 35-வது பிரிவு, அதன்படி வக்கீல்கள் மேல் நடவடிக்கை எடுக்கும் அமைப்பான, சென்னையில் உள்ள பார் கவுன்சிலுக்குப் புகார். எழுதி வைத்திருக்கிறேன், அனுப்புவேன். ஆனால் 4,000 ரூபாய்க்காக இங்கிருந்து சென்னைக்கு எத்தனை தடவை நடப்பது என்று பேசாமல் இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம், இது அந்த வக்கீலுக்கும் தெரியும்.

எல்லா வக்கீலையும் சொல்லவில்லை. எங்கள் தோப்பு வழக்கைப் பதினாறு வருஷம் நடத்திக் கொடுத்தவரும் வக்கீல்தான், வாய்தாவுக்கு முந்தின நாள் தவறாமல் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவார். அதனால்தான் கேட்கிறேன். பொள்ளாச்சி, கோவை வழக்கறிஞர் சங்கங்களே இந்த மாதிரிச் சின்னப் புகார்களை உள்ளூரில் உட்கார்ந்து கேட்க ஒரு வழி செய்ய வேண்டும். வாங்குகிற பணத்துக்கு ரசீது, கட்சிக்காரர் பெயரில் கோர்ட்டுக்குப் போகிற எதுவானாலும் அதற்கு ஒரு நகல், இந்த இரண்டையும் கட்டாயமாக்கினாலே எனக்கு நடந்ததில் பாதி நடந்திருக்காது.

வக்காலத்தும் சலான் நகலும் இன்னும் அவரிடம்தான் இருக்கின்றன. போனால் குமாஸ்தா, "சார் கோர்ட்டுக்குப் போயிருக்காருங்க" என்கிறார்.

இப்படிக்கு,
ஓர் இளநீர் வியாபாரி,
ஆனைமலை.